காணை ஊசி போடணுமா? பிழைத்த மாட்டை வைத்துக் கணக்குப் போடுங்கள்

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். திருப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்து மாடு வைத்திருக்கிறார்: எட்டு கலப்பினக் கறவை, இரண்டு காங்கயம் மாடு, நாலைந்து கன்று. வாயிலும் குளம்பிலும் புண் வைக்கும் காணை நோய்க்கு ஊரில் ஊசி முகாம் வரப்போகிறது. போன தடவை ஊசி போட்ட பிறகு மூன்று நாள் பால் குறைந்ததாம். ஒரு மாட்டுக்கு ஏழு மாதச் சினை கலைந்துவிட்டதாம். பக்கத்துத் தோட்டத்தில் ஊசி போட்ட மாட்டுக்கே காணை வந்ததாம். நாட்டு மாட்டுக்கு எதற்கு ஊசி என்று அப்பா வேறு சொல்கிறாராம். போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

முப்பது வருடம் மாட்டாஸ்பத்திரியில் குப்பை கொட்டியவன் நான். இதே நான்கு கேள்விகளை எத்தனையோ கட்டுத்தரையில் நின்றுகொண்டு கேட்டிருக்கிறேன், ஒன்றுகூட முட்டாள்தனமான கேள்வி இல்லை. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போடுங்கள். ஆனால் முகாமில் மைக்கில் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

முகாமில் என்ன சொல்வார்கள், ஊசி போடாவிட்டால் மாடு செத்துப்போகும் என்பார்கள். காணையில் (நோட்டீஸில் கோமாரி என்று போட்டிருக்கும், கால்-வாய் நோய் என்பதும் இதுதான்) வளர்ந்த மாடு சாவது பொதுவாகக் குறைவு. இது விவசாயிக்கு நன்றாகவே தெரியும். அவர் சின்ன வயதிலிருந்து காணை வந்து பிழைத்த மாடுகளைப் பார்த்தவர். அதனால் டாக்டர் மிரட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு மேய்ச்சலுக்குப் போய்விடுவார். என்னைக் கேட்டால், செத்த மாட்டை வைத்துக் கணக்குப் போடவே கூடாது. பிழைத்த மாட்டை வைத்துத்தான் போட வேண்டும்.

ஒரு மாட்டைச் சொல்கிறேன். ஜெர்சி கலப்பு, நல்ல செவலை, இரண்டாம் ஈத்து, வேளைக்கு ஆறு லிட்டர் என்று நாளுக்குப் பன்னிரண்டு கறந்தது. காணை வந்தது. வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் தொங்கும், தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டுச் சப்புக்கொட்டும், நாக்கின் மேல்தோல் பழத்தோல் மாதிரி உரிந்து கையோடு வந்துவிடும், குளம்பு இடுக்கில் புண் வந்து ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டு வாரத்தில் புண் ஆறிவிட்டது, வீட்டுக்காரம்மா மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார். அதற்கு அடுத்த சித்திரையில் கூப்பிட்டார்கள், போய்ப் பார்த்தால் அந்த மாடு வேப்பமர நிழலில் நின்று நாய் மாதிரி மூச்சிரைக்கிறது. காய்ச்சல் போலத் தெரியும், மருந்துக்கு இறங்காது. உடம்பு முழுக்க முடி நீளமாக வளர்ந்து கம்பளி போர்த்தியது போல இருந்தது. வெயில் ஏறினால் தீவனம் எடுக்காது, பால் நான்கு லிட்டர், பருவத்துக்கே வரவில்லை. காணைக்குப் பிறகு சில மாடுகளுக்கு உடம்பின் சூட்டைச் சமாளிக்கும் சுரப்பிகளின் ஒழுங்கு கெட்டுப்போவதால் வருவது இது. சரிசெய்ய என்னிடம் மருந்து இல்லை. அந்த மாடு கடைசியில் அடிமாட்டு விலைக்குப் போனது. கணக்கில் அது "பிழைத்த" மாடு.

இப்போது உங்கள் பால் குறைந்த கணக்கைப் பார்ப்போம். எட்டு மாட்டுக்கு ஆளுக்கு ஒரு லிட்டர் வீதம் மூன்று நாள் குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், லிட்டர் 35 ரூபாய் என்றால் 840 ரூபாய். ஊசி இலவசம். வருடத்துக்கு இரண்டு தடவை, ஆக 1,680. அந்தச் செவலையை எடுத்துக்கொண்டால், நோய் இருந்த நாட்களை விட்டுவிடுங்கள், பிறகு நாளுக்கு எட்டு லிட்டர் குறைவு, இருநூறு நாள் கறவை என்று பார்த்தாலும் 56,000 ரூபாய். ஒரே மாட்டில். இதில் சினை பிடிக்காமல் தின்ற தீவனம் சேரவில்லை, காம்பில் கொப்புளம் வந்து பின்னாலேயே வரும் மடிநோய் சேரவில்லை. காணை வந்தால் கட்டுத்தரையில் ஒரு மாட்டோடு நிற்பதும் இல்லை.

கன்று விஷயம் தனி. பெரிய மாடு பிழைக்கும், பால் குடிக்கிற கன்று பல நேரம் பிழைக்காது. காலையில் துள்ளிக்கொண்டிருந்த கன்று தாயிடம் ஊட்டப் போய் அப்படியே கால் மடங்கி விழும், வாயில் ஒரு புண்கூட இருக்காது. அறுத்துப் பார்த்தால் இதயத்தின் தசையில் வெளிறிய கோடு கோடாக, புலியின் வரி மாதிரி இருக்கும். வைரஸ் நேராக இதயத்துக்குப் போயிருக்கும். பாம்பு தீண்டியது என்று நினைத்துப் புதைத்துவிடுவார்கள்.

சரி, ஊசி போட்ட மாட்டுக்கே காணை வந்தது என்கிறீர்களே, அதற்கு வருவோம். உண்மையாகவே அப்படி நடக்கும், இல்லை என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்.

முதல் காரணம் அவசரம். மேற்குத் தோட்டத்தில் காணை வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட பிறகு ஓடிவந்து ஊசி கேட்பார்கள். நோய்க்கிருமி உள்ளே போய் இரண்டு நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் காட்டிக்கொடுக்கும், ஊசி வேலை செய்ய இரண்டு வாரமாவது வேண்டும். இந்த ஓட்டப்பந்தயத்தில் ஊசி தோற்கும். தோற்றதும் ஊசி போட்டதால்தான் வந்தது என்று ஊரெல்லாம் பேச்சு. நம் காணை ஊசியில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ், அது எழுந்து வந்து நோய் தராது.

இரண்டாவது, முதல் ஊசியோடு நிறுத்திவிடுவது. கன்றுக்கு நான்கு மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து மறு ஊசி, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. அந்த மறு ஊசியைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். முதல் ஊசி அறிமுகம், இரண்டாவதுதான் உடம்பில் பதியும். சந்தையில் வாங்கி வந்த மாட்டுக்கும் இதே கதை, அது எத்தனை ஊசி பார்த்தது என்று யாருக்கும் தெரியாது, முதலிலிருந்து தொடங்குவதுதான் நல்லது.

மூன்றாவது காரணத்தைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வரும். மருந்து 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முகாமில், எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், பகல் ஒரு மணிக்கு ஐஸ் பெட்டியைத் திறந்தால் ஐஸ் முழுக்கத் தண்ணீராகி, வெதுவெதுப்பாக, அதில் பாட்டில்கள் மிதந்தன. மிச்சம் எழுபது மாடு. மூத்தவர் போடு என்றார், போட்டேன். அந்த எழுபது மாட்டுக்கும் நான் போட்டது வெறும் எண்ணெய்த் தண்ணீராக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் இன்றைக்கும் போகவில்லை. இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு, மருந்தை ஃப்ரீசரில் வைப்பது. எண்ணெய் கலந்த மருந்து உறைந்தால் பிரிந்துவிடும், பிறகு உருக்கினாலும் குலுக்கினாலும் பயனில்லை. எனவே முகாமுக்கு மாட்டைக் காலையிலேயே கொண்டுபோங்கள், பெட்டியில் ஐஸ் இருக்கிறதா என்று தயங்காமல் எட்டிப் பாருங்கள். ஒரே ஊசியை ஊர் மாட்டுக்கெல்லாம் குத்தினால் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு மாட்டின் ரத்தத்தில் இருக்கும் கிருமி அடுத்த மாட்டுக்குப் போக அந்த ஊசி முனையே போதும்.

நான்காவது, வைரஸின் குணம். காணை வைரஸில் உலகத்தில் ஏழு வகை, நம் நாட்டில் இப்போது சுற்றுவது ஓ, ஏ, ஆசியா 1 என்ற மூன்று. ஒரு வகைக்கு வந்த எதிர்ப்பு இன்னொன்றுக்கு உதவாது. அதனால்தான் ஊசியில் மூன்றையும் சேர்த்துப் போடுகிறார்கள், அதனால்தான் ஒருமுறை காணை வந்த மாட்டுக்கே மறுபடி வருகிறது. போதாததற்கு இந்த வைரஸ் தன் உருவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி என்பது யாரோ கம்பெனிக்காரன் வியாபாரத்துக்காக வைத்த கணக்கு இல்லை, கொல்லப்பட்ட வைரஸ் தரும் எதிர்ப்பு அவ்வளவு நாள்தான் தாங்கும்.

இங்கே உங்கள் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள், வெக்கை நோய் என்றால் என்ன என்று. அவருக்குத் தெரிந்திருக்கலாம், உங்களுக்குத் தெரிந்திருக்காது. மாடு கண்ணிலும் மூக்கிலும் ஒழுகி, வாய் வெந்து, நாற்றமடிக்கக் கழிந்து ஒரு வாரத்தில் விழும், ஊரே காலியாகும். இந்தியாவில் 1889ல் மாட்டு நோய்க்கென்று ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார்களே, முதலில் புனேயில், பிறகு முக்தேசரில், அப்போது அவர்களைப் போட்டு வாட்டிய நோய் இந்த வெக்கைதான். இங்கே கடைசியாக வந்தது 1995ல். 2011ல் உலகத்திலேயே ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். மனிதனுக்குப் பெரியம்மை, அதற்கடுத்து மாட்டுக்கு வெக்கை, இந்த இரண்டைத்தான் மனிதன் ஊசி போட்டுத் துடைத்தெடுத்திருக்கிறான். அந்த ஊசிக்கு ஒரு வசதி இருந்தது, ஒரே வகை வைரஸ், ஒரு ஊசி போட்டால் ஆயுசுக்கும் போதும். காணைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெக்கை போன மாதிரி காணை ஏன் போகவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஊசி இல்லாமல் சமாளிக்க முடியாதா என்றால் முடியும், பணக்கார நாடு செய்தது. 2001ல் பிரிட்டனில் காணை வந்தபோது, ஊசி போட்டால் இறைச்சி ஏற்றுமதி கெடும் என்று ஊசியைத் தவிர்த்து, நோய் வந்த பண்ணையையும் சுற்றியுள்ள பண்ணைகளையும் சேர்த்துக் கொன்று எரித்தார்கள். ஆடு, மாடு, பன்றி எல்லாம் சேர்த்து 60 லட்சத்துக்கும் மேல். நம் ஊரில் அது நடக்காது, நடக்கவும் கூடாது. அப்புறம் மிச்சமிருக்கும் வழி ஊசிதான். 2019 முதல் மத்திய அரசு திட்டம் போட்டு, மஞ்சள் காதுவில்லையில் 12 இலக்க எண் மாட்டி, ஆறு மாதத்துக்கு ஒரு சுற்று போடுவது அதற்குத்தான். ஊரில் பத்தில் எட்டு மாட்டுக்காவது எதிர்ப்பு இருந்தால்தான் நோய் பரவ இடமில்லாமல் ஓயும். ஐந்துக்கு மட்டும் போட்டால் அந்த ஐந்திலும் சிலது மாட்டிக்கொள்ளும், உங்கள் பக்கத்துத் தோட்டத்தில் நடந்தது அதுவாகவும் இருக்கலாம். 2013ல் இங்கேயும் கர்நாடகத்திலும் காணை பரவி மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்தபோது, சந்தைகளை மூடினார்கள். கருங்கல்பாளையம் மாதிரி ஒரு சந்தையில் ஒரு நாளில் எத்தனை ஊர் மாடு ஒன்றையொன்று முகர்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

நாட்டு மாடு தாங்கும் என்று அப்பா சொல்வது பாதி சரி. காங்கயம் மாட்டுக்குக் காணை வந்தால் கலப்பினம் அளவுக்குப் படுக்காது. ஆனால் வரும், வந்தால் மூச்சிலும் எச்சிலிலும் பாலிலும் கிருமியைக் கொட்டும், அதுவும் புண் தெரிவதற்கு முன்பே. லேசாக எச்சில் ஒழுக்கிவிட்டு அது தேறிவிடும், அதே தொட்டியில் தண்ணீர் குடித்த உங்கள் எட்டு கலப்பினமும் படுத்துவிடும். ஆடும் இப்படித்தான், இரண்டு நாள் நொண்டும், நாம் கவனிக்கவே மாட்டோம். ஒரே கட்டுத்தரையில் இரண்டு ஜாதி மாடு வைத்திருப்பவர் நாட்டு மாட்டை விட்டுவிடவே கூடாது.

மூலிகை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கேட்பார்கள். சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு, தேங்காய், வெல்லம் சேர்த்து அரைத்து நாக்கில் தடவுவதை எங்கள் பல்கலைக்கழகமே சொல்கிறது, நானும் சொல்லியிருக்கிறேன், புண் வந்த மாடு அதைத் தின்று தீவனம் எடுக்கத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். அது வந்த பிறகு செய்யும் பண்டுவம். ஊசிக்கு மாற்று அல்ல.

கலைந்த சினை. இதைத்தான் நீங்கள் மறக்க மாட்டீர்கள். காணை ஊசி மருந்து தானாகச் சினையைக் கலைக்காது. ஆனால் நிறைசினை மாட்டை நாலு பேர் கயிறு போட்டு இழுத்து, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து முறுக்கி, அது துள்ளி விழுந்தால் கலையலாம், அது முரட்டுத்தனத்தால் வருவது. அதனால்தான் கடைசிக் காலத்தில் இருக்கும் சினை மாட்டை முகாமில் விட்டுவிட்டு, கன்று போட்ட பிறகு போடச் சொல்கிறோம். ஆனால் ஏழு மாதம் என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. நஞ்சுக்கொடி விழுந்ததா, தங்கிவிட்டதா? அதற்கு முன்பு வேறு மாட்டுக்கும் ஐந்து மாதத்துக்கு மேல் கலைந்திருக்கிறதா? அப்படியானால் கன்று வீச்சு நோய், புருசெல்லா என்பார்கள், அதற்குப் பரிசோதனை செய்யுங்கள், ரத்தமோ பாலோ கொடுத்தால் பார்த்துச் சொல்வார்கள். ஊசி போட்ட வாரமும் கலைந்த வாரமும் ஒன்றாக அமைந்துவிட்டால் பழி ஊசி மேல் விழும், நோய் கட்டுத்தரையிலேயே இருக்கும்.

இந்த நோயை நான் புத்தகத்தில் மட்டும் படித்தவன் இல்லை. வெறுங்கையால் நஞ்சுக்கொடி எடுத்த காலம் அது. சாயங்காலமானால் காய்ச்சல், விடியற்காலையில் சட்டை நனைய வேர்வை, இடுப்பு மூட்டில் வலி, டைபாய்டு என்று சொல்லி ஒரு மாதம் ஓடியது. கடைசியில் ஒரு டாக்டர் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார், அப்புறம்தான் சரியான பரிசோதனை நடந்தது. ஆறு வாரம் மாத்திரை. பச்சைப் பாலில் இருந்தும் வரும், உங்கள் வீட்டில் யாராவது காய்ச்சாத பால் குடிக்கும் பழக்கம் வைத்திருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். மாட்டுக்கு இதற்கு வைத்தியமே கிடையாது, ஊசி மட்டும்தான், அதுவும் நான்கிலிருந்து எட்டு மாதத்துக்குள் இருக்கும் கிடேரிக் கன்றுக்கு ஆயுளில் ஒரே தடவை. இது உயிருள்ள கிருமி, சினை மாட்டுக்குப் போடக் கூடாது, போடுபவர் கையில் குத்திக்கொண்டால் அவருக்கே நோய் வரும். கன்றை நன்றாகப் பிடித்துக்கொடுங்கள், அந்தப் பையன்களுக்கும் குடும்பம் இருக்கிறது.

மற்ற ஊசிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லாவற்றையும் எல்லோரும் போட வேண்டியதில்லை. தொண்டை அடைப்பானும் சப்பை நோயும் மழையோடு வருபவை, மழைக்கு ஒரு மாதம் முன்பு வருடம் ஒரு தடவை. சப்பை நோய் நோஞ்சான் கன்றைத் தொடாது, ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் கொழுகொழுவென்று இருப்பதைத்தான் பிடிக்கும், தொடை வீங்கி அழுத்தினால் நறநறவென்று சத்தம் கேட்கும், டாக்டர் வருவதற்குள் முடிந்துவிடும். வெறும் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) என்பது வேறு நோய், அதன் ஊசி முன்பு அந்த நோய் வந்த ஊருக்கு மட்டும், ஏனென்றால் அதன் வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வந்தால் அந்த மாட்டை யாரும் அறுக்கக் கூடாது, தோலும் உரிக்கக் கூடாது, கூப்பிட்டுச் சொல்லிவிட்டு ஆழமாகச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். பிறகு தோல் கழலை, இதை மாட்டுப் பெரியம்மை என்றும் சொல்கிறார்கள். 2019ல் ஒடிசாவில் தலைகாட்டி 2022ல் ராஜஸ்தான், குஜராத் என்று பரவி நாடு முழுக்க ஒன்றரை லட்சத்துக்கும் மேல் மாடுகளைக் கொன்றது. ஆட்டம்மை ஊசியையே இதற்கும் போடுகிறோம், இரண்டு வைரஸும் பங்காளிகள். கொசுவும் ஈயும் உண்ணியும் பரப்புவதால் வேலி போட்டுத் தடுக்க முடியாது.

முகாமுக்கு இரண்டு வாரம் முன்பு குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள், புழு தின்னும் உடம்பில் ஊசி சரியாகப் பிடிக்காது. காய்ச்சலில் இருக்கும் மாட்டை அன்றைக்கு விட்டுவிடுங்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் கண் முன்னால் கட்டியிருங்கள், அபூர்வமாக ஒன்றிரண்டுக்குக் கண்ணிமை வீங்கி மூச்சுத் திணறும், உடனே மாற்று ஊசி போட்டால் தெளிந்துவிடும், எனவே டாக்டர் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது, கடைசி ஆளாகப் போகாதீர்கள். கழுத்தில் கட்டி வந்தால் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், தானாகக் கரையும். பாலைத் தாராளமாக ஊற்றலாம். காதுவில்லை எண்ணையும் தேதியையும் சொசைட்டி பால் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள், அடுத்த சுற்று தள்ளிப்போனால் போன் போட்டுக் கேட்க அது உதவும்.

சந்தையில் புதிதாக மாடு பிடித்தால் மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள், தனித் தொட்டி, தனி வாளி, கறப்பது கடைசியில். பக்கத்தில் காணை வந்துவிட்டால் லிட்டருக்கு 40 கிராம் சலவைச் சோடா கரைத்து வாசலில் சாக்கை நனைத்துப் போடுங்கள், பால்காரர் செருப்பு உட்பட எல்லாம் அதில் மிதித்துத்தான் உள்ளே வர வேண்டும். அவருக்கு வருத்தமாக இருந்தாலும் பரவாயில்லை, பத்துக் கட்டுத்தரை ஏறி வருபவர் அவர்.

உங்களிடம் இப்போது எது எத்தனை மாதச் சினை என்று சொல்லவில்லை. எட்டு மாதம் தாண்டியது இருந்தால் அதை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் ஓட்டிப் போங்கள், காங்கயம் இரண்டையும் சேர்த்து. நிறுத்தியது கன்று போட்டதும் ஆஸ்பத்திரியில் சொல்லி ஒரு ஊசி போட்டுக்கொள்ளலாம். அது போடும் கன்று கிடேரியாக இருந்தால் நான்காம் மாதத்துக் காணை ஊசியோடு, எட்டு மாதம் முடிவதற்குள் புருசெல்லா ஊசி உண்டா என்று கேட்டு வையுங்கள். காளைக்கன்று என்றால் அது வேண்டாம்.